நடுச்சுரப்பியில் ஒரு கறுப்புக் கோடு

மகதலேனாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பியவர்கள் யார் என்று தேடிப் பார்த்தால், என்றைக்காவது அவளிடம் பொய் சொல்லி மாட்டிக்கொண்டவர்களாகத்தான் இருப்பார்கள். பாசார் மீன்காரன் நேற்று வந்த கெம்போங் மீனை இன்று வந்தது என்பான். அவள் செவுளைத் தூக்கிக் காட்டிக் கேட்பாள். கேட்டால் கோபக்காரி. கேட்காமல் வாங்கிப்போய் வீட்டில் மூக்கைப் பொத்திக்கொண்டு பொரிப்பவர்கள் நல்லவர்கள். நல்லவர் பட்டம் வாங்குவது நம் ஊரில் அவ்வளவு சுலபம்.

அவள் பிறந்தது ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பா செந்தூல் பட்டறையில் ஃபிட்டர். அவர் ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, அதே பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடிக்கு வாடகைக்கு வந்தார்கள். அப்பாவும் அம்மாவும் போனபின் அந்த மாடியில் அவள் மட்டும் இருந்தாள். தம்பி கிரிகரி பண்டமாரானில் குடியிருந்து துறைமுகத்தில் லோரி ஓட்டினான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்துவிடுவான்.

கான்வென்ட்டில் ஐந்தாம் படிவம் முடித்தவள், 1971இல் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றில் கண்ணாடிக் குழாய் கழுவச் சேர்ந்தாள். தற்காலிக வேலை என்றார்கள். 1988இலும் தற்காலிகம்தான். பதினேழு வருடம் நீடிக்கிற தற்காலிகம் எந்த அகராதியில் இருக்கிறது என்று அவள் கேட்டிருக்கிறாள். அதற்கும் கோபக்காரி என்றுதான் பதில் வந்தது. இடையில் குழாய் கழுவிய கை எலியை அறுக்கப் பழகி, பிறகு பட்டுப்புழுவுக்கு வந்து சேர்ந்தது. பட்டுப்புழுவை அவளைப்போல் வெட்ட அந்தக் கட்டடத்தில் ஆளில்லை. இது பெருமைக்காகச் சொல்வதில்லை, எல்லாரும் ஒப்புக்கொண்ட சங்கதி.

பட்டுப்புழுவின் உடம்பில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று இரண்டு பட்டுச் சுரப்பிகள் இருக்கும். ஒவ்வொன்றும் நீளமான குழாய். முன்பகுதி முடியைப்போல் மெல்லியது. நடுப்பகுதி தடித்து, மடிந்து கிடக்கும். பின்பகுதி மறுபடி மெலிந்து, நெளிந்து நெளிந்து வால்வரை போகும். பின்பகுதியில் பட்டு நூல் உண்டாகிறது. நடுப்பகுதியில் அந்த நூலின்மேல் பூசுகிற பசை உண்டாகிறது.

அவளுடைய மேலதிகாரி டாக்டர் சிவசம்பு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அரசாங்க உத்தியோகக் குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை. லண்டனில் படித்துவிட்டு வந்தவர். புழு வேலை தொடங்கிய முதல் வருடம் அவள் அவரிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"நூலு செய்யிற ஜீன் பின்னால மட்டும்தான் இருக்கா டாக்டர்?"

"இல்லை, மகதலேனா. எல்லா இடத்திலயும் இருக்கு. புழுவின்ர காலில, கண்ணில, குடலில, எல்லாத்திலயும் ஒரே சங்கதிதான். ஆனால் பின்சுரப்பியில மட்டும்தான் அது விழிக்கும். மற்ற இடத்தில பூட்டிக் கிடக்கும். பின்சுரப்பியிலயும் புழு தோல் உரிக்கேக்க தூங்கிப்போகும், ஐந்தாம் பருவத்தில திரும்ப எழும்பும். ஏன் அங்க விழிக்குது, ஏன் இங்க தூங்குது, ஆர் திறப்பு வைச்சிருக்கினம்? அதுதான் எங்கட கேள்வி."

அன்றைக்கு அவளுக்கு அந்த மனிதரை மிகவும் பிடித்திருந்தது. கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிறவர்கள் குறைவு.

ஒரு ஜீன் விழித்திருக்கிறதா என்று அறிய வழி இருந்தது. விழித்திருக்கிற ஜீன் செல்லுக்குள் ஒரு செய்தியை எழுதி அனுப்பிக்கொண்டே இருக்கும். சுரப்பியை அரைத்து அந்தச் செய்தியைப் பிரித்தெடுத்து, கதிரியக்கம் ஏற்றிய ஒரு ஜீன் துண்டை அதோடு ஒட்டவைத்து, எக்ஸ்ரே ஃபிலிமில் வைத்தால் கறுப்புக் கோடு விழும். பின்பகுதியில் நூலின் செய்தி மலைமலையாகக் கிடக்கும். நடுப்பகுதியில் ஒன்றும் இருக்காது, கோடும் விழாது. ஆகவே எல்லாம் வெட்டுகிற கையில்தான் இருந்தது. தடித்த நடுப்பகுதி மெலிந்து பின்பகுதியாகிற எல்லையில் ஒரு நகக்கண் அளவு பின்பகுதி ஒட்டிக்கொண்டு வந்தாலே போதும், மிளகாய்ச் சம்பல் கிண்டிய கரண்டியைப் பால் சட்டியில் விட்ட மாதிரிதான். அதனால் மகதலேனா எல்லைக்கு இந்தப் பக்கம் நாலு மில்லிமீட்டர், அந்தப் பக்கம் நாலு மில்லிமீட்டர் என்று வெட்டி எறிந்துவிடுவாள். யாரும் சொல்லித்தந்த முறையில்லை, அவளாகக் கண்டுபிடித்தது. இவ்வளவை எறிவதா என்று டாக்டர் அவ்வப்போது முகம் சுளிப்பார். எறியத்தான் வேண்டும் என்பாள்.

1987 ஏப்ரலில் ஒரு கெட்ட வாரம் வந்தது. டிங்கிக் கொசுவுக்காகப் புகையடிக்க வந்த ஆட்கள் ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் நின்ற மல்பெரிச் செடிகளையும் சேர்த்துப் புகைத்துவிட்டுப் போயிருந்தார்கள். யாரும் சொல்லவில்லை. திங்கட்கிழமை அந்த இலையைத் தின்ற இருநூறு புழுக்கள் பச்சையாகக் கக்கிச் சுருண்டு செத்தன. இன்னும் இலை வைக்காத தட்டில் முப்பது மட்டும் மிஞ்சின. அவற்றுக்கு வேறு இடத்திலிருந்து இலை கொண்டுவந்து போட்டுவிட்டு, வியாழன் முதல் திங்கள்வரை ஈஸ்டருக்கு அவள் விடுப்பில் போனாள். செவ்வாய்க்கிழமை வந்து பார்த்தபோது தட்டுகள் கழுவி அடுக்கப்பட்டிருந்தன. மிச்சமும் செத்துப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, புது முட்டைகளைப் பொரிக்க வைத்தாள்.

ஜூன் மாதம் ஒரு காலையில் டாக்டர் ஃபிலிமைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். ஐம்பது வயது மனிதர் உண்மையாகவே ஓடி வந்தார்.

"பாரும் மகதலேனா! நடுச்சுரப்பியில கோடு! நூலின்ர ஜீன் அங்கயும் விழிக்குது!"

மகதலேனா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நடுப்பகுதிக்கு உரிய இடத்தில் ஒரு கறுப்புக் கோடு தெளிவாகத்தான் இருந்தது. கோடு விழுந்த சுரப்பிகள் மார்ச் மாதம் தான் வெட்டிய புழுக்களுடையவை என்றே அவள் நினைத்தாள்.

"எல்லையில பின்பகுதி ஒட்டிக்கிட்டு வந்திருக்கும் டாக்டர். நான் வேற புழு வெட்டித் தரேன், திரும்பப் பாருங்க."

"இரண்டு தரம் ஓட்டிப் பாத்தாச்சு. இரண்டு தரமும் கோடு விழுந்திட்டுது."

"அதே டியூப்ப ரெண்டு தடவ ஓட்டுனா அதே கோடுதானே வரும்?"

டாக்டரின் முகம் இறுகியது. "உம்முடைய வேலை வெட்டுறது. வாசிக்கிறது என்ர வேலை. விளங்குதோ?"

நன்றாக விளங்கியது. எல்லாச் செல்லிலும் எல்லா ஜீனும் இருக்கிறது, ஆனால் இடம் பார்த்துத்தான் வாயைத் திறக்க விடுவார்கள் என்று அவரே சொல்லித் தந்த பாடந்தானே. கழுவுகிற தொட்டியின் பக்கத்தில் நிற்கிற வாய்க்குப் பூட்டுப் போட்டாயிற்று. அன்று மாலைக்குள் அவள் இரண்டு பீக்கர்களை உடைத்தாள். கை தவறி என்று பதிவுப் புத்தகத்தில் எழுதினாள். அவள் எழுதிய ஒரே பொய் அதுதான்.

அடுத்த வருடத் தொடக்கத்தில் அந்தக் கோட்டைப் பற்றி டாக்டர் எழுதிய கட்டுரை வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றில் வந்தது. கடைசிப் பக்கத்தில் டாக்டர் நன்றி சொல்லியிருந்தவர்களில் முட்டை அனுப்பிய பண்ணைகூட இருந்தது. மகதலேனா இல்லை. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கோட்டோடு தன் பெயர் சேராமல் இருப்பதே மேல் என்று நினைத்தாள். பாவம், புகழ்ச்சியில் இடம் கிடைக்காத பெயருக்குப் பழியில் முதல் நாற்காலி காத்திருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஆகஸ்டில் ஜப்பானிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நாங்கள் நான்கு தடவை செய்து பார்த்தோம், நடுப்பகுதியில் கோடு இல்லை, நீங்கள் வெட்டும்போது பின்பகுதி கலந்திருக்குமோ என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். டாக்டர் பதில் எழுதினார். கடிதங்களின் நகல்களைக் கோப்பில் சேர்ப்பது மகதலேனாவின் வேலை என்பதை அவர் மறந்துவிட்டார், அல்லது அவள் வாசிக்கமாட்டாள் என்று எண்ணினார். வாசிப்பது அவருடைய வேலையல்லவா! அவள் வாசித்தாள். 'வெட்டியவர் என் உதவியாளர் திருமதி மகதலேனா. அவருடைய கவனக்குறைவால் இந்தப் பிழை நேர்ந்தது. ஏழு வருடம் நம்பிய கை இப்படிச் செய்யும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.'

கல்யாணமே ஆகாதவளைத் திருமதி என்று எழுதியிருந்தார். அதைக்கூட அவர் சரியாகப் பார்க்கவில்லை.

ஒரு வாரத்தில் அலுவலகத்திலிருந்து ஓலை வந்தது. கவனக்குறைவால் துறைக்குக் களங்கம் உண்டாக்கியதற்காக விசாரணை. அது முடியும்வரை அவளை நிரந்தரமாக்கும் கோப்பு நிறுத்தி வைக்கப்படுகிறது. பதினேழு வருடம் கழித்து அந்த வருடந்தான் கோப்பு நகரத் தொடங்கியிருந்தது. நிரந்தரமானால் பென்ஷன் உண்டு. இல்லாவிட்டால் ஐம்பத்தைந்து வயதில் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

கோபம் வந்தது. ஆனால் கோபத்துக்கு அடியில் இன்னொன்று இருந்தது, அதுதான் அவளைத் தின்றது. ஒருவேளை தப்பு தன்னுடையதுதானோ? மார்ச் மாதத்தில் ஒருநாள் கண் அசந்துவிட்டதோ? நாற்பத்தொரு வயது, கண்ணாடி மாற்றவேண்டிய கண். ஞாயிற்றுக்கிழமை பூசையிலிருந்து வந்து, சமையலறை மேசையில் இனாமல் தட்டை வைத்து, ஆய்வுக்கூடத்திலிருந்து கொண்டுவந்த பன்னிரண்டு புழுக்களை வெட்டினாள். பன்னிரண்டும் சுத்தமாக வந்தன. மறுவாரம் மறுபடி பன்னிரண்டு. அவையும் சுத்தம். ஆனாலும் கையை நம்ப முடியவில்லை. வெங்காயம் நறுக்கும்போதுகூடக் கத்தி நுனியை முறைத்துப் பார்த்தாள். திருடன் பட்டம் கட்டப்பட்டவன் தன் சட்டைப்பையைத் தானே தடவிப் பார்ப்பதுபோல் மூன்று மாதம் போனது.

சோற்றைப் பிசைந்துகொண்டே கிரிகரி சொன்னான்: "தப்புன்னு ஒத்துக்க லா, அக்கா. ஒரு வார்னிங் லெட்டர் குடுப்பாங்க, அவ்வளவுதான். பென்ஷன் முக்கியம். பேர வச்சு ஒரு பொட்டலம் நாசி லெமாக் சோறு வாங்க முடியுமா?"

"வாய மூடிட்டுச் சாப்புடு."

"நான் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"எனக்குத் தெரியும். அதனாலதான் சோறு போட்டிருக்கேன்."

நவம்பரில் விசாரணைக்கு ஒரு வாரம் முன்பு, அலுவலகத் தலைமை எழுத்தர் ரமணி ஒரு பழுப்பு உறையை அவளிடம் கொடுத்தாள். குற்றச்சாட்டுக்கு ஆதாரமான காகிதங்களின் நகல். குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்பது விதி. மகதலேனா மினி பஸ்ஸில் நின்றபடியே பிரித்துப் பார்த்தாள். டாக்டரின் அலமாரியில் பூட்டியிருக்கும் குறிப்பேட்டின் ஒரு பக்கம் அதில் இருந்தது. கோடு விழுந்த சுரப்பிகள் எந்த நாள் வெட்டப்பட்டன, எத்தனை புழு, வெட்டியவர் யார் என்று அதில் பத்திபத்தியாக இருந்தது.

முப்பது புழு. வெட்டியவர் 'எம்'. தேதி, 1987 ஏப்ரல் 17, காலை பதினொரு மணி.

"பொய்!" என்று அவள் போட்ட சத்தத்தில் டிரைவர் பிரேக்கை மிதித்துவிட்டான்.

"என்னாக்கா ஆச்சு?" என்றான் கண்டக்டர்.

"உனக்கில்ல தம்பி. பஸ்ஸ எடு."

அந்த நாள் பெரிய வெள்ளி. யேசுவைச் சிலுவையில் அறைந்த நாள். அவர்கள் வீட்டில் பெரிய வெள்ளியன்று யாரும் ஆணி அடிக்கமாட்டார்கள், கத்தி எடுக்கமாட்டார்கள், ஊசியில் நூல்கூடக் கோக்கமாட்டார்கள். முதல்நாளே காய் நறுக்கி வைத்துவிடுவார்கள். அன்றைக்குக் கஞ்சிதான். அவளுடைய அப்பா பட்டறையில் சுத்தியல் பிடிக்கக்கூடாதென்று அன்று சம்பளமில்லா விடுப்பு எடுப்பார். ஆங்கிலேய ஃபோர்மன் கத்தினாலும் சரி, எடுப்பார். அவர் செத்துப் பத்து வருடமாகியும் மகதலேனா அந்த நாளில் ஒரு பழத்தைக்கூட வெட்டியதில்லை. பிளேடு எடுத்து முப்பது உயிரின் வயிற்றைக் கிழித்தாளாம். அதுவும் பதினொரு மணிக்கு, அவள் கோயிலில் சிலுவைப்பாதையில் நின்ற நேரத்தில்.

டாக்டர் மாதத் தொடக்கத்திலேயே வெட்டியவர் பத்தியில் மேலிருந்து கீழாக 'எம்', 'எம்' என்று நிரப்பிவைத்துவிடுவார். எப்போதும் அவள்தானே வெட்டுகிறாள், ஒவ்வொரு நாளும் எதற்கு எழுதவேண்டும் என்று. ஆக, செத்துப்போனதாக அவள் நினைத்த முப்பது புழுவையும் வெட்டியது வேறு கை.

மறுநாள் ரமணி 1987ஆம் வருட விடுப்புப் படிவங்களைக் கிளறி, வேண்டியதை உருவினாள். வியாழன் முதல் திங்கள்வரை ஈஸ்டர் விடுப்பு. அனுமதித்தவர், சிவசம்பு. நீல மையில் வளைந்து வளைந்து அவர் கையெழுத்து.

"அவருக்கே மறந்துபோச்சு போல," என்றாள் ரமணி.

"மறந்தா போச்சு? வெட்டுனவனுக்கு மறக்குமா?"

மகதலேனா சொன்னது சரி. அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கடைவீட்டு மாடிப்படியில் டாக்டர் சிவசம்பு ஒரு பிஸ்கட் டின்னோடு ஏறி வந்தார். ரமணி படிவம் எடுத்த செய்தி அவர் காதுக்குப் போயிருந்தது. ஏழு வருடத்தில் முதல் தடவையாக அவள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். தேநீர் வேண்டாம் என்றார். அவளும் போடவில்லை.

"சனிக்கிழமை வரைக்கும் விட்டிருந்தால் கூடு கட்டத் தொடங்கியிருக்கும், மகதலேனா. மிஞ்சினது முப்பது புழு. ஒரு மில்லிமீட்டரையும் வீணாக்க எனக்கு மனம் வரேல்லை. எல்லையோட ஒட்ட வெட்டிப்போட்டன்."

"அப்ப வெட்டுனது யாருன்னு உங்களுக்குத் தெரியும்."

அவர் பிஸ்கட் டின்னை மேசைமேல் வைத்தார்.

"தெரிஞ்சே ஜப்பானுக்கு என் பேர எழுதுனீங்க."

"பேராசிரியர் பதவிக்கு என்ர பெயர் மேல போயிருக்கு. அடுத்த மாதம் முடிவாகும். இந்த நேரத்தில இது வெளிய வந்தால் எல்லாம் போச்சு. உமக்கு என்ன போகுது, சொல்லும்? ஒரு எச்சரிக்கைக் கடிதம். ஆறு மாதத்தில எல்லாரும் மறந்துபோவினம். உம்மை நிரந்தரமாக்கிற கோப்பு என்ர கையெழுத்துக்குத்தான் நிக்குது. விசாரணை முடிஞ்ச அண்டைக்கே போட்டுவிடுறன். சத்தியமா."

நிறுத்தி, நிதானமாகச் சொன்னார். அதில் மிரட்டல்கூட இல்லை. உலக நடைமுறையைக் குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார். அதுதான் அவளுக்கு நெஞ்சை எரித்தது. உதவியாளரின் பெயர் என்பது அழுக்குத் துடைக்கிற துணி, துடைத்தபின் கசக்கிக் காயப்போட்டால் போயிற்று என்று அவர் மனதார நம்பினார்.

"டாக்டர், மூணு மாசம் என் கைய நானே சந்தேகப்பட்டேன். இந்த மேசையிலதான் புழு வெட்டிப் பார்த்தேன். கண்ணு போச்சோன்னு கண் டாக்டர்கிட்ட போனேன். தெனமும் லேப்புல நீங்க என் மூஞ்சியப் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? ஒரு நாளாச்சும் சொல்லணும்னு தோணலியா?"

"மகதலேனா, கொஞ்சம் யோசியும்..."

"டின்ன எடுத்துட்டுப் போங்க."

அவர் இறங்கிப்போனபின் அவள் நாற்காலியை ஈரத்துணியால் துடைத்தாள். பிறகு வெகுநேரம் அதே நாற்காலியில் உட்கார்ந்து பென்ஷனைப் பற்றி யோசித்தாள். யோசிக்காமல் இருக்க அவள் ஒன்றும் புனிதை அல்ல. கல்யாணமில்லை, பிள்ளையில்லை, வாடகை வீடு. கையெழுத்துப் போடுகிற கையைத்தான் இப்போது விரட்டி அனுப்பியிருக்கிறாள்.

விசாரணை புதன்கிழமை காலை. நீள மேசையின் ஒரு பக்கம் மூன்று பேர். நடுவில் தலைவர் பேராசிரியர் சபாபதி, பொறியியல் துறைக்காரர், பேச்சில் மென்மையானவர், நேரத்துக்குச் சாப்பிடுகிறவர். எதிர்ப்பக்கம் டாக்டர் சிவசம்பு. மகதலேனாவுக்கு ஓரத்தில் ஒரு நாற்காலி. ரமணி குறிப்பெடுத்தாள்.

மகதலேனா எதுவும் விளக்கவில்லை. குறிப்பேட்டு நகலையும் விடுப்புப் படிவத்தையும் அருகருகே வைத்தாள். சபாபதி இரண்டையும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, மறுபடி பார்த்தார்.

"டாக்டர், பதினேழாம் தேதி யார் வெட்டினது?"



"நானாக இருக்கலாம்," என்றார் சிவசம்பு.

"இருக்கலாமா?" என்றாள் மகதலேனா.

"நான்தான்."

சபாபதி பக்கத்திலிருந்த இருவரோடும் குனிந்து பேசினார். பிறகு நிமிர்ந்து, ரமணி எழுதும் வேகத்துக்கு நிறுத்தி நிறுத்திச் சொன்னார். குறிப்பேட்டில் ஒரு குழப்பம் நேர்ந்திருக்கிறது. அதற்கு யாரையும் குறைகூற முடியாது. குற்றச்சாட்டு கைவிடப்படுகிறது. விசாரணை முடிந்தது. சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எல்லாரும் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்கள்.

மகதலேனா எழுந்து வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"சார், தப்பு என்னுதுன்னு நெனச்சப்ப அதுக்குப் பேரு இருந்துச்சு. மூணு மாசமா என் பேரு. இப்ப டாக்டரு தப்புன்னு தெரிஞ்சதும் யார் தப்பும் இல்லாம போச்சா?"

"அம்மா, உங்க பேர்ல இப்ப ஒண்ணும் இல்லையே. அதான் கைவிட்டாச்சே."

"இங்க இல்ல. ஜப்பான்ல இருக்கு. அந்த லெட்டரு அங்க கோப்புல இருக்கு. நான் கவனமில்லாதவன்னு எழுதி, கையெழுத்து போட்டு, முத்திர குத்திப் போயிருக்கு. இன்னொரு லெட்டரு போகணும். இப்ப, இங்க, என் கண்ணு முன்னால எழுதணும்."

சபாபதி குரலைத் தாழ்த்தினார். "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். உங்க கோப்பு இன்னும் கையெழுத்தாகலை. டாக்டர்கூடத்தான் நீங்க இனியும் வேலை பார்க்கணும். இதோட விட்டுடுங்க."

அந்தக் கோப்பு இன்னும் இரண்டு வருடம் தூசி படிந்து தூங்கப்போகிறது என்பது அப்போது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த வாசலை விட்டு நகர்ந்திருக்கமாட்டாள்.

"பன்னிரண்டு மணிக்கு உங்களுக்குச் சாப்பாடு, சார். எனக்கு அவசரமில்ல."

ரமணி யாரும் கேட்காமலே துறையின் பெயர் அச்சிட்ட ஒரு தாளை எடுத்து டாக்டரின் முன்னால் வைத்தாள். அவள் வேலைக்கும் அது ஆபத்துதான். வைத்தாள். சிவசம்பு சபாபதியைப் பார்த்தார். சபாபதி ஜன்னலைப் பார்த்தார். கடைசியில் டாக்டர் பேனாவின் மூடியைக் கழற்றி ஐந்து வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு, தாளை அவள் பக்கம் தள்ளினார். அவள் வாசலிலிருந்து வந்து எடுத்து வாசித்தாள்.

குறிப்பிட்ட மாதிரிகளை வெட்டியது தாமே என்றும், உதவியாளர் அன்று பணியில் இல்லை என்றும், தவிர்க்க இயலாத சூழ்நிலையால் சிறு பிழை நேர்ந்தது என்றும் எழுதியிருந்தார்.

மகதலேனா தாளைத் திருப்பி அவர் முன்னால் வைத்து, அந்த வரியில் விரலை ஊன்றினாள்.

"இது என்னா டாக்டர்? நான் வெட்டுனா கவனக்குறைவு. நீங்க வெட்டுனா சூழ்நெலயா?"

"கருத்து ஒண்டுதானே..."

"ஒண்ணுதான்னா மாத்துறதுக்கு என்னா? எனக்குப் போட்ட அதே வார்த்தைய உங்களுக்கும் போடுங்க."

டாக்டர் சிவசம்பு தலை நிமிரவில்லை. 'தவிர்க்க இயலாத சூழ்நிலையால்' என்பதன்மேல் ஒரு கோடு கிழித்தார். அதற்கு மேலே, 'என் கவனக்குறைவால்' என்று எழுதினார்.